முன்னொட்டும் கைவிலங்கும்

நண்டலாற்றைக் கடந்தால் ஒரு சட்டம். கடக்காவிட்டால் வேறொரு சட்டம். காரைக்கால் வட்டாரத்து முதியோர்க்கு இது வியப்பான செய்தியன்று. அவர்கள் வாழ்ந்து பார்த்த செய்தி. 1948 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. பொறையாற்றிலே ஒருவன் கலயத்தைக் கையில் எடுத்தால் குற்றவாளி. அவனே சற்று நடந்து, ஆற்றைக் கடந்து, பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்கால் மண்ணிலே அதே கலயத்தை எடுத்தால் வாடிக்கையாளன்! அதே கள், அதே தொண்டை, அதே மயக்கம். ஆற்றுக்கு அப்பால் கைவிலங்கு, ஆற்றுக்கு இப்பால் கடைக்காரரின் வரவேற்பு. தெற்கே நாகூரை ஒட்டிய வாஞ்சூர் எல்லையிலும் இதே கதைதான்.

கள் மட்டுமா? 1949 இல் இந்திய அரசுக்கும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் இடையே இருந்த சுங்க உடன்பாடு முறிந்தது. அதற்கு முந்திய நாள் வரை தலைச்சுமையாகச் சரக்குக் கொண்டுபோனவன் வணிகன்; மறுநாள் அதே சுமையை அதே வரப்பின் வழியே கொண்டுபோனவன் கள்ளக்கடத்தல்காரன். சுமையும் மாறவில்லை, சுமந்தவனும் மாறவில்லை; அவனுக்குச் சூட்டிய பெயர் ஒன்றே மாறிற்று.

ஏமாற்றுக்காரனை எடுத்துக்கொள்வோம். தஞ்சை மாவட்டத்தில் அவனுக்கு வாய்த்த எண் 420. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்குரிய பிரிவு அது. எண்ணே வசைச்சொல்லாகி, பள்ளிக்கூடத்து வாசலை மிதியாதவர் வாயிலும் வழங்கலாயிற்று. காரைக்காலில் அவனுக்கு வாய்த்த எண்ணோ 405. 1810 ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைத் தொகுப்பில் மோசடியைக் கூறும் பிரிவு அதுதான். ஆக, அந்நாளில் ஒருவன் நானூற்றிருபதா, நானூற்றைந்தா என்பதை அவன் நின்று ஏமாற்றிய இடமே முடிவு செய்தது!

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குற்றம் என்பது செயலில் இருக்கிறதா, சொல்லில் இருக்கிறதா என்ற கேள்வி சட்ட அறிஞர்களின் மேசைமீது கிடப்பது. காரைக்கால் மக்களுக்கோ அது அன்றாட வாழ்க்கையாக இருந்தது. அந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது, கூண்டிலே நின்றவனுக்கு அது விளங்கிற்றா என்பதைத்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பெற்ற வாக்கை முன்னிட்டு, சந்தா சாகிபின் துணையோடு, பிரெஞ்சுக்காரர் காரைக்காலில் காலூன்றியது 1739 இல். இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றினர். நெப்போலியன் போர்கள் ஓய்ந்தபின் 1817 இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. 1819 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் பிறந்த ஆணையொன்று பிரான்சு நாட்டுச் சட்டத் தொகுப்புகளை இங்கும் நடைமுறைப்படுத்திற்று. அதே ஆணை, இந்தியர் தத்தம் சாதி வழக்கங்களின்படியே நீதி பெறுவர் என்றும் உறுதி கூறிற்று. திருமணம், சொத்து, வாரிசு ஆகியவற்றில் சாதி வழக்கம். திருட்டு, கொலை ஆகியவற்றில் பாரிசு நகரத்துச் சட்டம். மனிதனை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் புரட்சி கண்ட நாட்டிடமும், மறு பாதியைப் பழம் புரோகிதத்திடமும் ஒப்படைத்த விந்தை அது!

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தண்டனைத் தொகுப்பு பிறப்பைக் கேட்கவில்லை. கொலைக்குற்றம் செய்த பார்ப்பனனுக்குத் தலையை மழிப்பதே கொலைத் தண்டனைக்கு ஈடு என்று விதித்த மனுவின் நூலோடு ஒப்பிட்டால், யார் குத்தினாலும் குத்து குத்தே என்று சொன்ன சட்டம் எத்துணை உயர்ந்தது என்பது விளங்கும். ஆங்கிலேயர் தொகுத்து 1862 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்துக்கும் இந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையை அவர்களே கெடுத்துக்கொண்டனர். 1871 இல் ‘குற்றப் பரம்பரை’ என்றொரு சட்டம் செய்தனர். 1911 இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை எதைத் திருடிற்று? பிறந்ததே குற்றம் என்றனர். கைரேகை பதியமாட்டோம் என்று மறுத்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். 1947 இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. ‘குற்றம்’, ‘பரம்பரை’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதியதன் விலை அத்தனை உயிர்கள்.

காரைக்காலுக்குத் திரும்புவோம்.

பிரெஞ்சுச் சட்டம் குற்றத்தை மூன்று படிகளாக வகுத்தது. சிறு மீறல்கள் கீழ்ப்படி. அவற்றுக்குச் சில நாள் காவலோ சிறு தண்டமோ. நடுப்படிக்குத் ‘தெலி’ என்று பெயர். திருட்டும் மோசடியும் பெரும்பாலும் இங்கே அடங்கும். உச்சிப்படிதான் ‘கிரீம்’, கொலை போன்ற கொடுஞ்செயல்கள் அதற்குள் வரும். இன்ன செயல் இன்ன படி என்பதைச் செயலின் தீமையைக் கொண்டு அளக்காமல், அதற்கு விதித்த தண்டனையைக் கொண்டே அளந்தனர். எழுத்தில் இந்தக் கிரீமும் ஆங்கிலத்துக் ‘கிரைமும்’ ஒன்றே. எழுத்துக்கு எழுத்து வேறுபாடில்லை. பொருளோ வேறு! ஆங்கிலத்தில் சிறு திருட்டும் கிரைம்தான். பிரெஞ்சில் அந்தத் திருடனைப் பார்த்துக் ‘கிரீம் செய்தவன்’ என்றால் வழக்கறிஞர் எழுந்து மறுப்பார்.

1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. முந்திய மாதம் கீழூரில் கூடிய மக்கள் பேராளர் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு இசைந்திருந்தனர். கொடி இறங்கிய அன்றே சட்டமும் இறங்கிவிட்டது என்று எண்ணிவிட வேண்டா. உடன்படிக்கை 1956 இல் கையெழுத்தாயிற்று. பிரான்சு அதை உறுதி செய்து முறைப்படி ஒப்படைத்தது 1962 ஆகத்து 16 அன்று. இந்தியத் தண்டனைச் சட்டம் காரைக்காலுக்கு வந்ததோ 1963 அக்டோபர் முதல் நாள். ஆக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், இந்திய ஆட்சியின் கீழ், இந்திய அதிகாரிகள் முன்னிலையில், நெப்போலியன் காலத்துத் தண்டனைத் தொகுப்பே காரைக்கால் மக்களுக்குத் தண்டனை வழங்கிக்கொண்டிருந்தது! ஆண்டவன் போனான், அவனுடைய அகராதி போகவில்லை.

1963 இல் அகராதி மாறிற்று. மாறிற்றா? அங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை காட்டுகிறது.

காரைக்கால்வாசி அதுவரை பிரெஞ்சிலே ‘பிரிசோன்’ என்று கேட்ட சிறைச்சாலை, ஆங்கிலத்திலே ‘பிரிசன்’ ஆயிற்று. ‘ழுஸ்தீஸ்’ என்றிருந்தது ‘ஜஸ்டிஸ்’ ஆயிற்று. ‘இனோசான்’ என்று விடுதலை செய்யப்பட்டவன் ‘இன்னொசென்ட்’ என்று விடுதலையானான். ‘கூப்பாபிள்’ என்று குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, ஆங்கிலச் சட்டத்தின் 299 ஆம் பிரிவிலே ‘கல்ப்பபிள் ஹோமிசைட்’ காத்திருந்தது. புதிய வீடு என்று நினைத்துப் புகுந்தவன், உள்ளே பழைய மேசை, பழைய நாற்காலி, பழைய கட்டில் கிடக்கக் கண்டதுபோலத்தான்!

ஏன் இப்படி? அவை ஆங்கிலேயன் வீட்டுச் சொற்கள் அல்ல. அவனும் கடன் வாங்கியவன். கடன் என்பதும் பொருந்தாது, தலையிலே கட்டப்பட்டவை. 1066 இல் நார்மண்டி நாட்டு வில்லியம் கடல் கடந்து சென்று இங்கிலாந்தை வென்றான். வென்றவன் மொழி பிரெஞ்சு. அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் அந்த மொழியே அமர்ந்தது. கோர்ட், ஜட்ஜ், ஜூரி, பிரிசன், கிரைம், பனிஷ்மெண்ட், அரெஸ்ட், பெயில், பைன், வெர்டிக்ட்—இவ்வளவும் வென்றவன் கொண்டுவந்த மூட்டை. தோற்றவன் மொழியில் எஞ்சியவை எவை? ‘தெப்ட்’, ‘தீப்’, ‘ஸ்டீல்’, ‘கில்ட்’, ‘மர்டர்’, ‘ஹேங்’ போன்றவை. கூர்ந்து பாருங்கள்! திருடுவதும், குற்றவுணர்வு கொள்வதும், தூக்கிலே தொங்குவதும் குடிமகன் மொழியில். பிடிப்பதும், விசாரிப்பதும், தீர்ப்பளிப்பதும், பூட்டுவதும் ஆள்வோன் மொழியில்!

மூட்டையை அவிழ்த்தால் சுவையான செய்திகள் உண்டு. ‘வெர்டிக்ட்’ என்றால் ‘மெய்யாகச் சொன்னது’. ‘பைன்’ என்ற தண்டப்பணத்தின் வேர், முடிவு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். வழக்கை முடித்து வைப்பதற்காகக் கொடுத்தது. நம் ‘தீர்ப்பு’ என்ற சொல்லும் ‘தீர்’ என்ற அடியிலிருந்தே பிறந்தது. இரு நாட்டு மக்களும் வழக்கு எப்போது தொலையும் என்றே ஏங்கியிருக்கின்றனர் போலும். ‘கேயோல்’ என்னும் சிறைச்சொல்லின் மூலப்பொருள் கூடு, கூண்டு. நம் நாட்டிலே ‘சிட்சை’ என்றொரு வடசொல் வழங்கிற்று; தண்டனை என்று பொருள். இந்தியிலே அதே சொல்லுக்குக் கல்வி என்று பொருள். பிரம்பில்லாமல் பாடம் இல்லை என்றிருந்த பழங்காலத்தின் தழும்பு அந்தச் சொல்லிலே தெரிகிறது.

மூன்று நூற்றாண்டு ஆங்கிலேயன் பொறுத்தான். தன் ஊரில், தன் வழக்கை, தனக்கு விளங்காத மொழியில் வாதாடக் கேட்டுக்கொண்டு வாயடைத்து நின்றான். 1362 இல் மூன்றாம் எட்வர்டு காலத்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: நீதிமன்றத்தில் வழக்காடுவது ஆங்கிலத்திலே இருக்கவேண்டும், ஏனெனில் பிரெஞ்சு இந்நாட்டு மக்களுக்கு விளங்கவில்லை. சொன்ன காரணம் பொன்னான காரணம். அந்தச் சட்டத்தை எழுதிய மொழி எது தெரியுமா? பிரெஞ்சு! பழக்கம் அவ்வளவு எளிதில் விடுமா? வழக்கறிஞர்கள் அதன்பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் தங்கள் குறிப்புகளை அந்தக் கலப்படப் பிரெஞ்சிலேயே எழுதிவந்தனர். பதிவேடுகள் இலத்தீனிலே கிடந்தன. 1731 இல் செய்த சட்டம் 1733 இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த இருமொழிச் சுமையும் இறங்கிற்று.

விளங்காத மொழியில் வழக்கு நடத்துவது கொடுமை என்று தன் நாட்டில் சட்டம் செய்தவன்தான், அதே கொடுமையைக் கப்பலேற்றிக் கடல் கடந்து நமக்குக் கொண்டுவந்தான். பிரெஞ்சுக்காரனும் அப்படியே.

பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்த கதைக்குப் புதுச்சேரி சான்று தரும். காரைக்காலுக்கும் அதுதானே தலைநகரம். புதுச்சேரியிலே அக்காலத்தில் நம்மவர் வழக்கைக் கேட்ட மன்றத்துக்குச் ‘சோதிரி’ என்று பெயர். பிரெஞ்சுச் சொல் என்று மயங்க வேண்டா. நம் ‘சாவடி’தான் அவர்கள் நாவில் அப்படித் திரிந்தது. பெயர் நம்முடையது, தீர்ப்புத் தாளில் ஏறிய மொழி அவர்களுடையது.

அந்தப் புதுச்சேரியில் 1716 இல் நடந்த நயினியப்ப பிள்ளை வழக்கை எண்ணிப் பாருங்கள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளைக்கு உறவினர். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். துறைமுகத்திலே செல்வாக்கின் உச்சியிலே இருந்தவர். ஆளுநர் எபேர் அவரைப் பிடித்து அடைத்தார். கொடுங்கோன்மை, கலகமூட்டல் என்பன குற்றச்சாட்டுகள். சாட்சிகள் தமிழில் பேசினர். அது போர்த்துகீசிய மொழியில் பெயர்க்கப்பட்டது. பிறகு பிரெஞ்சில் எழுதப்பட்டது. தாம் சொன்னதாக எழுதப்பட்டிருந்த தாள்களின் அடியில், அந்த மொழி அறியாத மக்கள் கையெழுத்திட்டனர். ஒரு வாயிலிருந்து புறப்பட்ட சொல் இரண்டு மொழி தாண்டித் தாளில் ஏறும்போது எத்தனை உருமாறும்! கடைவீதியிலே 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தண்டம், சொத்துப் பறிமுதல், அதன்பின் ஊரைவிட்டே ஓட்டுவது என்று தீர்ப்பு. 1717 இல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. மேல்முறையீடு கடல் கடந்து சென்றது. சில ஆண்டுகளில் தீர்ப்புத் தவறென்று தள்ளப்பட்டது. அவருடைய மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று அரசச் சிறப்பும் பெற்றுத் திரும்பினார். குற்றமற்றவர் என்ற சொல் வந்து சேர்ந்தபோது அதைக் கேட்க நயினியப்பர் இல்லை.

குற்றமற்றவர்! இந்தச் சொல்லருகே சற்று நிற்கவேண்டும். பல மொழிகளிலும் மாசற்ற மனிதனைக் குறிக்க ஓர் ‘இல்லை’ தேவைப்படுகிறது. ‘இன்னொசென்ட்’ என்பதில் முன்னே நிற்கும் ‘இன்’ என்பதற்கு இல்லாமை என்று பொருள். தீங்கு செய்யாதவன் என்பதே மூலப்பொருள். வடமொழியாளர் ‘நிரபராதி’ என்றனர். ‘நிர்’ என்ற முன்னொட்டு ‘அபராதி’யை மறுக்கிறது. நம் மக்கள் வழக்கில் அபராதம் என்பது கட்டவேண்டிய தண்டப்பணமாகச் சுருங்கிவிட்டதால், நிரபராதி என்றால் பணம் கட்டாதவன் என்று எவனாவது பொருள் கொண்டால் அவனை நாம் நொந்துகொள்ள முடியாது.

ஆங்கிலத்தில் மறுக்கும் முன்னொட்டுகளின் கூட்டமே உண்டு. ‘அன்’ என்பது ஆங்கிலேயன் வீட்டுப் பிள்ளை. ‘இன்’ என்பதும், அது முன்னிற்கும் எழுத்துக்கேற்ப உருமாறும் ‘இல்’, ‘இம்’, ‘இர்’ என்பனவும், ‘டிஸ்’ என்பதும் இலத்தீன் வழியாக, பெரும்பாலும் பிரெஞ்சுக்காரன் கைப்பிடித்து வந்தவை. ஆகவேதான் சட்டத்துக்கு மாறானது என்ற ஒரே கருத்துக்கு அங்கே இரண்டு சொற்கள்: ‘அன்லாபுல்’ என்பது வீட்டுச் சொல், ‘இல்லீகல்’ என்பது வந்த சொல். ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ தீய நோக்கத்தோடு கூடினால் அது ‘அன்லாபுல்’ கூட்டம். சில சொற்களில் இரண்டு இரத்தமும் கலந்துவிட்டன. ‘அன்ஜஸ்ட்’ என்பதில் மறுப்பது ஆங்கில ஒட்டு; மறுக்கப்படுவது பிரெஞ்சு நீதி. அதையே பெயர்ச்சொல்லாக்கினால் ‘இன்ஜஸ்டிஸ்’ என்று ஒட்டு மாறிவிடும்! எப்போது ‘அன்’, எப்போது ‘இன்’ என்று நம் மாணவர் மனப்பாடம் செய்து தலைவலி கொள்வதெல்லாம், தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு படையெடுப்பின் விளைவு.

மாணவனுக்குத் தலைவலி, அதோடு போனால் போகட்டும். ஒரு முன்னொட்டு மனிதனைச் சிறைக்கு அனுப்பிய கதையும் உண்டு.

தண்டனைச் சட்டத்தில் 1870 இல் 124 அ என்றொரு பிரிவு சேர்த்தனர். அரசின்மீது ‘டிஸபெக்‌ஷன்’ உண்டாக்குவோர் குற்றவாளிகள். ‘அபெக்‌ஷன்’ என்றால் அன்பு. முன்னே நிற்கும் ‘டிஸ்’ என்ன செய்கிறது? அன்பு இல்லாமையைக் குறிக்கிறதா, அன்புக்கு எதிரான பகையைக் குறிக்கிறதா? 1891 இல் கல்கத்தாவில் ‘வங்கவாசி’ ஏட்டின்மீது நடந்த வழக்கில் தலைமை நீதிபதி பெத்தராம், அன்புக்கு மாறான உணர்வு, அதாவது வெறுப்பு என்று விளக்கினார். 1897 இல் பம்பாயில் திலகர்மீது நடந்த வழக்கில் நீதிபதி ஸ்டிரேச்சி, அன்பு இல்லாமையே போதும் என்னும் அளவுக்குச் சொல்லை விரித்தார். ஆட்சியாளரிடம் அன்பில்லாதவன் குற்றவாளி என்றால், நாட்டிலே எத்தனைச் சிறைச்சாலை கட்டினாலும் போதுமா? அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி விளக்கம் எழுதினர்: அந்தச் சொல் ‘டிஸ்லாயல்ட்டி’யையும் பகையுணர்ச்சிகளையும் உள்ளடக்கும் என்று. ஒரு ‘டிஸ்’ புரியவில்லை என்று கேட்டவனுக்கு இன்னொரு ‘டிஸ்’ஸைக் கொடுத்து அனுப்பினர்!

அந்த மயக்கத்தில் தமிழகம் கொடுத்த காணிக்கை சிறிதன்று. 1908 சூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ. உ. சிதம்பரனாருக்கு இந்தப் பிரிவின்கீழ் 20 ஆண்டும், உடந்தைக் குற்றத்துக்கு 20 ஆண்டுமாகத் தீவாந்தரத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைந்ததே தவிர ஒழியவில்லை, சிறையில் செக்கிழுத்தார். அதே ஆண்டில் ‘இந்தியா’ ஏட்டின்மீது அதே பிரிவு பாய்ந்தது. பெயரளவில் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்தவர் சிறை சென்றார். உண்மையில் எழுதிய பாரதியார் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். 1910 இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்தனர். அந்த ‘டிஸ்’ எல்லைக் கல்லைத் தாண்டி வர வலிமையில்லாத முன்னொட்டு! பத்தாண்டுக்குப் பின் 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைக் கடந்து கடலூரில் கால் வைத்ததுமே பிடிபட்டார். 1716 இல் கலகமூட்டினார் என்று நயினியப்பரைக் கசையாலடித்த அதே புதுச்சேரி, இரண்டு நூற்றாண்டு கழித்து, கலகமூட்டினார் என்று வெள்ளையன் தேடியவர்களுக்கு வீடு தந்தது. பிரெஞ்சுக்காரனின் கருணை என்று பாடவேண்டியதில்லை; அவன் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை, அவ்வளவே.

தமிழிலே இந்த மயக்கம் எழுந்திருக்குமா? நம் இலக்கணம் இரண்டு ‘இல்லை’களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. ‘அல்’ என்பது ஒன்று. இன்னது இது அன்று என்று மறுப்பது. ‘இல்’ என்பது மற்றொன்று. இன்னது இங்கே இல்லை என்பது. ‘அன்பின்மை’ என்றால் அன்பு இல்லை. அவ்வளவுதான், பகை என்று எவனும் பொருள் கொள்ள முடியாது. பகைக்குப் பகை என்றே சொல் உண்டு. ஸ்டிரேச்சியும் பெத்தராமும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்ற இடத்தை நம் வீட்டுப் பாட்டி ஒரு நொடியில் கடந்துவிடுவாள்.

நீதிமன்றத்தில் இதனால் விளையும் பயன் பெரிது. ‘இவர் குற்றவாளி அல்லர்’ என்பது ஒன்று. ‘இவர் குற்றம் இல்லாதவர்’ என்பது வேறு. முன்னது வழக்கு மெய்ப்பிக்கப்படாதபோது மன்றம் சொல்லக்கூடியது. பின்னது மனிதனின் மாசற்ற தன்மையைச் சான்றுரைப்பது. ஆங்கிலத்திலும் ‘நாட் கில்ட்டி’, ‘இன்னொசென்ட்’ என்று இரண்டு உண்டு. நம் செய்தித்தாள்களோ இரண்டையும் ‘நிரபராதி’ என்ற ஒரே குடத்தில் ஊற்றிவிடுகின்றன. அதுபோலவே, கொலை என்று ஆகாத உயிர்ப்பறிப்பை ஆங்கிலச் சட்டம் ஐந்தாறு சொல்லால் சுற்றிச் சொல்கிறது. ‘கொலையாகாச் சாவு’ என்று இரண்டு சொல்லில் தமிழ் சொல்லிவிடும். எதிர்மறையை வினையின் வயிற்றிலேயே வைத்துப் பிறந்த மொழி அல்லவா இது! வள்ளுவர் அதிகாரங்களுக்குப் பெயரிட்ட முறையைப் பாருங்கள்: கள்ளாமை, கொல்லாமை, வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளுண்ணாமை. சட்டப் புத்தகம் குற்றத்தின் பெயரைத் தலைப்பாக்குகிறது. அவர் குற்றம் செய்யாதிருத்தலின் பெயரைத் தலைப்பாக்கினார். செங்கோன்மை, கொடுங்கோன்மை என்ற இரண்டையும் அடுத்து, குடிமக்கள் அஞ்சி நடுங்குமாறு ஆளாதே என்று அரசனுக்குச் சொல்ல ‘வெருவந்த செய்யாமை’ என்று வைத்தார். ‘குற்றங்கடிதல்’ என்ற அதிகாரமும் கள்வனைப் பற்றியதன்று. ஆள்வோன் தன்னிடமுள்ள குற்றத்தைக் கடிவதைப் பற்றியது.

முன்னொட்டே தமிழில் இல்லையோ என்று கேட்பவருக்கு ஒன்றைக் காட்டலாம். இலக்கண நூல் பட்டியலிடாத ஒரு முன்னொட்டைத் தெருவிலே மக்கள் படைத்திருக்கின்றனர்: ‘கள்ள’. கள்ள நோட்டு, கள்ளச் சாவி, கள்ளச் சந்தை, கள்ளச் சாராயம், கள்ளக் கடத்தல், கள்ளத் தோணி, கள்ள ஓட்டு. போலி, திருட்டு, உரிமமின்மை, ஒளிவு என்று ஆங்கிலன் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அடைமொழி தேடும் இடத்திலெல்லாம் இந்த ஒரு சொல் போய் உட்கார்ந்துகொள்கிறது. திருட்டின் வகைகளுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. மறைவாகக் கொள்வது களவு; வலிந்து பறிப்பது கொள்ளை; வழியிலே மறிப்பது வழிப்பறி, பழைய நூல்களில் ஆறலைத்தல்; சுவரைத் துளைத்துப் புகுவது கன்னமிடுதல். இத்தனையும் கையிலிருக்க, ஐவர் கூடிச் செய்த கொள்ளைக்கு வெள்ளையன் வடநாட்டுச் சொல்லை எடுத்து ‘டெக்காய்ட்டி’ என்று பெயரிட்டான். அதை நம்மவர் அப்படியே ஒப்பித்தனர். கூண்டிலிருந்து வெளியே வரவேண்டுமானால் ஜாமீன், உள்ளே போனால் கைதி, வழக்குத் தள்ளிப்போனால் வாய்தா—இவை நவாபுகள் காலத்து எச்சம். ஆனாலும் தீங்கு நேர்ந்தவன் தெருவிலே நின்று கூவும்போது ‘அநியாயம்! அக்கிரமம்!’ என்றுதான் கூவுகிறான். அவனிடம் போய் ‘முறைகேடு என்று கூவு’ என்று திருத்துவது நமக்கு வேலையன்று. அழுகிறவன் வாயில் வந்தது அவன் சொல். எழுதிவைத்துத் தண்டிக்கிறவன் கையிலுள்ள சொல்லைப் பற்றித்தான் நம் வழக்கு.

புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் 1965 இல் வந்தது; தமிழுக்கு இடம் தந்தது, ஆங்கிலத்துக்கும் இடம் வைத்தது. காரைக்காலுக்கு மேல் நிற்கும் சென்னை உயர்நீதிமன்றத்திலோ ஆங்கிலமே மொழி. 2006 இல் தமிழக அரசு விடுத்த வேண்டுகோளும் பயன் தரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு விளங்காத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவனுக்கு விளங்கும் மொழியில் திறந்த மன்றத்திலேயே எடுத்துச் சொல்லவேண்டும் என்று 1973 ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 279 ஆம் பிரிவு பணித்தது. நல்ல பிரிவு. சாட்சியத்துக்கு அந்த வாய்ப்பு உண்டு. அவனைத் தண்டிக்கும் சட்டத்தின் சொற்களுக்கு?

2024 சூலை முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டமும் போயிற்று. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358 பிரிவுகள் கொண்ட புதிய தொகுப்பு வந்தது. சிறு குற்றங்களுக்குச் சமூகத் தொண்டைத் தண்டனையாக விதிக்கும் நல்ல ஏற்பாடு அதில் உண்டு. 124 அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 இலேயே நிறுத்திவைத்திருந்தது. புதிய தொகுப்பில் அந்த எண் இல்லை, ‘டிஸபெக்‌ஷன்’ என்ற சொல்லும் இல்லை. ஆனால் நாட்டின் இறைமைக்கு ஊறு செய்வதைப் பற்றிய 152 ஆம் பிரிவு அதனருகே வந்து அமர்ந்திருக்கிறது. தொகுப்பின் பெயர் ‘பாரதிய நியாய சன்ஹிதா’. ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதே பெயர், தமிழில் எழுதும்போதும் அதே பெயர். காரைக்கால் நீதிமன்றத்துக் கூண்டு, ஒரு மனிதன் ஆயுளுக்குள் மூன்று பெயர்ப்பலகைகளைக் கண்டுவிட்டது: முதலாவது பிரெஞ்சு, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது வடமொழி.

மோசடிக்கு இப்போது 318 என்று எண். கடைத்தெருவிலே ஏமாந்தவன் ஏமாற்றியவனைப் பார்த்து அந்த எண்ணைச் சொல்லித் திட்டப் பழகவில்லை. 405 காரைக்காலில் எவர் நினைவிலும் இல்லை. ‘போடா நானூற்றிருபது!’ என்பதே ஆற்றின் இரு கரையிலும் இன்றும் கேட்கிறது.